சாமிக்கு எப்படிப் போடறது?

கார்த்திகை பிறந்தால் தெருவில் கறுப்பு வேட்டிகள் தென்படத் தொடங்கும். எனக்கு அதோடு சேர்ந்து ஒரு அட்டெண்டன்ஸ் நோட்டும் ஞாபகம் வந்துவிடும். அட்டை கிழிந்த, எண்ணெய்க்கறை படிந்த நீள நோட்டு. அதில் ஒரு பெயருக்கு நேராக மூன்று முழுக் கட்டத்தையும் ஒரு அரைக் கட்டத்தையும் என் கையால் நிரப்பியிருக்கிறேன். அந்த மூன்றரைக் கட்டத்தைப் பற்றி இதுவரை இரண்டு பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஒருவரிடம் பக்தியை விட்டுக்கொடுக்காமல் பேசினேன். இன்னொருவரிடம் பக்தியைத் திட்டினேன். இரண்டு தடவையும் மனசாரத்தான் பேசினேன் என்பதுதான் சிக்கல்.

கோவையில் ஒரு லேத் பட்டறையில் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். முதலாளிக்கு நாற்பது வயதிருக்கும். அங்கே ஹெல்பராக இருந்தவருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல். ஜாப் இறக்குவது, ஏற்றுவது, லேத்துக்கு அடியில் குவியும் இரும்புச் சுருளை வாரி ஸ்க்ராப் மூட்டை கட்டுவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர் வேலை. முதலாளி அவரைப் பேர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் கூடவே ஒரு ‘டா’. அவர் காலனியில் குடியிருந்தார் என்றால் மற்றதைப் படிக்கிறவர்களே புரிந்துகொள்வீர்கள்.

அந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாகச் சபரிமலைக்குப் போகிறவர். எங்கள் பகுதியில் முப்பது நாற்பது பேருக்கு அவர்தான் குருசாமி. ஒரு வருடம், முதலாளியின் பையனுக்கு உடம்பு முடியாமல் போய்ப் பிழைத்து வந்தபின், வேண்டுதல் வைத்திருந்த முதலாளி பட்டறையிலேயே அவர் முன்னால் வந்து நின்றார். “வர்ற கார்த்திகைக்கு நானும் மாலை போடலாம்னு இருக்கேன்.” மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் சணலைப் பல்லில் கடித்தபடியே நிமிர்ந்து பார்த்து, “போட்டுக்கலாமுங்க” என்றார். நானும் சேர்ந்துகொண்டேன். எனக்குப் பெரிய வேண்டுதல் எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்கிற ஆசைதான் பாதி.

கார்த்திகை ஒன்றாம் தேதி விடியற்காலை, பிள்ளையார் கோயிலில் குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். முதலாளி முறை வந்தது. மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, வெற்றிலை பாக்கில் 101 ரூபாய் தட்சிணை வைத்துக் கொடுத்துவிட்டு, அவர் அப்படியே தரையில் விழுந்தார். ஒப்புக்குக் குனிகிற விழுதல் இல்லை அது, நெற்றி தரையில் பட்டது. குருசாமி சாவகாசமாக அவர் தலையில் கை வைத்து, “சாமி சரணம், எந்திரிங்க சாமி” என்றார். பின்னால் நின்ற எங்கள் டர்னர் என் விலாவில் ஒரு இடி இடித்தான். அந்த இடிக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

ஒரு சொல் செய்த வேலை

மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தச் சொல் தமிழ் வாக்கியத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகிறது என்பதை அந்த நாற்பத்தொரு நாளில்தான் கவனித்தேன். ‘சாமி’ என்று ஆரம்பித்துவிட்டு ‘வாடா’ என்று முடிக்க முடியாது. முன்னால் சாமி வந்தால் பின்னால் ‘ங்க’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். “என்ன சாமி, ஸ்க்ராப்பை இன்னும் எடை போடாம வெச்சிருக்கீங்க சாமி?” என்று முதலாளி கத்த முயற்சி செய்தார். பாதி வாக்கியத்திலேயே அந்தக் கத்தல் நமத்துப்போனது. பட்டறைக்கே சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் செருப்பு. விரத காலத்தில் வெறுங்காலோடு இருக்க வேண்டும். லேத் பட்டறையில் வெறுங்காலோடு நடப்பது என்னவென்று நடந்தவருக்குத்தான் தெரியும். லேத்திலிருந்து சீவி விழும் சுருள் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி இருக்கும், நீலம் பூத்திருந்தால் சூடும் சேர்ந்துகொள்ளும். குருசாமி இருபத்திரண்டு வருடமாக வருடத்தில் நாற்பத்தொரு நாள் அந்தத் தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். ஒருவருக்கும் அது தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. முதலாளி மூன்றாம் நாள் குதிகாலில் பொடிச் சுருள் ஏறி நொண்டினார். நான்காம் நாள் சக்கரம் வைத்த நீளக் காந்தம் ஒன்று வாங்கி வந்தார். தள்ளிக்கொண்டு போனால் தரையிலிருக்கிற பொடியெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி அதில் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். காலை, மதியம், சாயந்தரம் என்று மூன்று வேளை தள்ளச் சொன்னார். இரண்டு நாள் அவரே தள்ளினார்.

முதல் தடவை மலைக்குப் போகிற கன்னிசாமியின் வீட்டில் நடக்கும் கன்னி பூஜைக்கு முதலாளி வீட்டுக்குப் போனோம். பட்டறைச் சாவி கொடுக்கப் போனால் கேட்டுக்கு வெளியே நிற்கிற மனிதர், அன்றைக்கு நேராகப் பூஜை அறை வரைக்கும் போனார். முதலாளியின் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் எல்லாச் சாமிகள் காலுக்கும் ஊற்றினார். அவர் காலுக்கும்தான். பெரியம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கடம் எதுவும் தெரியவில்லை. உண்மையாகவே அவர் கண்ணுக்கு அன்று சாமிதான் தெரிந்திருக்க வேண்டும். இதை நடிப்பு என்று சொல்கிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

இருமுடி கட்டும் இரவில் இன்னொன்று. தேங்காயின் கண்ணைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டு, உருக்கின நெய்யை உள்ளே ஊற்ற வேண்டும். கண் சின்னது, கை நடுங்கினால் நெய் வழிந்துவிடும். முதலாளிக்கு மைக்ரான் கணக்கில் அளவு பார்க்கிற கை. அது அன்று நடுங்கியது. குருசாமி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “மெதுவா சாமி. நெய்யிதான் உசுரு, காயி வெறும் ஒடம்பு. அங்க போயி நெய்ய அவனுக்குக் குடுத்துட்டு ஓட்ட நெருப்புல போட்டுட்டு வந்தர்லாம்.” தக்கையை அழுத்தி மூடினார்கள். இரண்டு பேர் விரலிலும் நெய்.

ஒருவழிப் பாதை

செவ்வாய் இரவு வேன் கிளம்பியது. எருமேலியில் முகத்தில் வண்ணப்பொடி அப்பிக்கொண்டு, வாவர் பள்ளிவாசலைச் சுற்றி, திந்தக்கத் தோம் ஆடினோம். நீலிமலை ஏறும்போது முதலாளிக்கு மூச்சு வாங்கியது. டோலி வேண்டாம் என்றுவிட்டார். அப்பாச்சிமேட்டில் குருசாமியின் தோளில் தொங்கிக்கொண்டுதான் ஏறினார். பதினெட்டாம் படியில் நிற்கிற போலீஸ்காரர்கள், இருமுடியோடு வருகிறவர்களைத் தோளைப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். முதலாளி, ஹெல்பர், கணக்குப்பிள்ளை எல்லோரும் அவர்களுக்கு ஒரே எடைதான். மேலே ‘தத்வமஸி’ என்று எழுதியிருக்கிறது, நீயே அது என்று. நெரிசலில் நான் அதை நிமிர்ந்து படிக்கவே இல்லை. இறங்கி வந்த பிறகுதான் சொன்னார்கள்.

அன்றிரவு ஹரிவராசனம் பாடி நடை சாத்தினார்கள். பக்தர்கள் தங்கிப் படுக்கிற இடமான விரியில் வரிசையாகப் படுத்திருந்தோம். எனக்கு ஒரு பக்கம் முதலாளி, குறட்டை. மறுபக்கம் குருசாமி, விழித்திருந்தார். எத்தனை வருடம் போனாலும் அலுக்காதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். “எங்கப்பன் பண்ணையத்துல இருந்தாரு தம்பி. பண்ணாடியப் பாத்தா தோள்ல கெடக்கற துண்ட எடுத்து அக்குள்ல வெச்சுக்கிட்டு ‘சாமீ’ம்பாரு. நான் சின்னப் பையன். எல்லாரும் அவருக்குச் சாமி. அவரு யாருக்கும் சாமி இல்ல. அது ஒருவழிப் பாதை. இங்க பாருங்க, அதே சொல்லுதான். நானும் சொல்றேன், எனக்கும் சொல்றாங்க. மொத வருசம் யாரோ தெரியாதவரு பம்பையில ‘சாமி, கொஞ்சம் வழி விடுங்க சாமி’ன்னாரு. பின்னாடி திரும்பிப் பாத்தேன், வேற யாரையோ சொல்றாருன்னு.”

பக்தியைப் பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகள் எல்லாவற்றையும் விட இந்த இரண்டு நிமிடம் எனக்குப் போதும். அப்பர் ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று பாடியது பல்லவ அரசன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது என்பார்கள். ஒருவனுக்கு ஆளாகிவிட்டால் மற்ற யாருக்கும் ஆளில்லை என்கிற கணக்கு அது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகிறார். தில்லைவாழ் அந்தணர் தம் அடியார்க்கும் அடியேன் என்று தொடங்கி, குயவர், வேடர், வண்ணார், மீனவர், புலையர், சேர சோழ அரசர் எல்லோரையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் தன்னை அடியேன் என்கிறார். எல்லோரும் எல்லோருக்கும் அடியேன் என்றால் ஆண்டான் என்று ஒருவன் மிஞ்ச மாட்டான். ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் சாமி, இறங்குகிறவருக்கு ஏறுகிறவர் சாமி. எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பேர் என்ன என்று மலையில் ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊரில் அந்தக் கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது தெரிந்தவர்களுக்கு, கேட்கப்படாமல் இருப்பது எவ்வளவு பெரிய காற்று என்பதும் தெரியும்.

சனிக்கிழமை விடியலில் ஊர் வந்து சேர்ந்தோம். பிள்ளையார் கோயிலில் குருசாமி ஒவ்வொருவர் மாலையாகக் கழற்றினார். அவர் மாலையை அவருடைய அம்மா கழற்றினார். முதுகு வளைந்த கிழவி எட்டாமல் கையைத் தூக்க, அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். மதியம் எழுந்து பட்டறைக்குப் போனேன். சனிக்கிழமை வாரக் கூலி கொடுக்கும் நாள், கணக்கு நான்தான் எழுத வேண்டும்.

மூன்றரை

குருசாமி எனக்கு முன்னாலேயே வந்து வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். நான் நோட்டை விரித்தேன். எனக்கு மாதச் சம்பளம், போய்வந்த நாளுக்கு லீவு எழுதிக்கொள்ளலாம். முதலாளிக்கு நோட்டே கிடையாது. குருசாமி தினக்கூலி, நாளுக்கு 350 ரூபாய், வராத நாளுக்குக் கூலி கிடையாது. புதன், வியாழன், வெள்ளி, சனிக்கிழமையில் பாதி. மூன்றரை நாள், 1,225 ரூபாய். மூன்று பேரும் ஒரே வேனில் போய், ஒரே விரியில் படுத்து, ஒரே வேனில் திரும்பினவர்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்துக் கேட்டேன். “சாமிக்கு எப்படிப் போடறதுங்க?”

மாலை கழற்றியாயிற்று. வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்ட சாமி அது. முதலாளி பில் புக்கிலிருந்து தலையைத் தூக்கினார். முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, காந்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. எரிச்சல் என்று சொல்ல முடியாது, வெட்கம் என்றும் சொல்ல முடியாது. தூக்கத்தில் பேசியதை அடுத்தவர் திருப்பிச் சொல்லும்போது வருகிற முகம். “எப்பவும் போடற மாதிரி போடுங்க” என்றார். போட்டேன்.

நான் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். 101 ரூபாய் தட்சிணையாகக் கொடுக்கக் கை தானாக நீள்கிறது. அதைக் குருசாமி தொடவில்லை, அன்னதானக் கணக்கில் சேர்த்துவிட்டார் என்பது வேறு. தட்சிணை கொடுக்கிறவருடைய பக்தி. கூலியோ வாங்குகிறவருடைய பாத்தியதை. காலில் விழுகிறவரால் தட்சிணையை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்ட முடிகிறது, பாத்தியதையை ஒரு ரூபாய் நகர்த்த முடியவில்லை. முதலாளி கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார். கேட்டு வாங்கினால் அது மறுபடியும் ஒருவழிப் பாதை. குருசாமி கேட்கவில்லை. நானும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் லீவை மட்டும் தெளிவாக எழுதிக்கொண்டேன்.

நந்தனார் கதையை அதற்கப்புறம்தான் சரியாகப் படித்தேன். சேக்கிழார் சொல்லும் கதையில் ஆண்டை என்று ஒரு ஆளே இல்லை. திருநாளைப் போவார் என்று பேர் வாங்கிய நந்தனார் ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று தள்ளிப்போடுவது தன் பிறப்பை நினைத்து. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதிதான் நிலம் வைத்திருக்கும் வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தார். சிதம்பரம் போக நந்தன் உத்தரவு கேட்பதும், வயல் வேலையை முடித்துவிட்டுப் போ என்று அவர் சொல்வதும், ராத்திரியோடு ராத்திரியாகப் பயிர் விளைந்து கிடப்பதும், வேதியர் மனம் மாறி நந்தன் காலில் விழுவதும் அவர் கொடுத்ததுதான். பக்தியை நிறுத்துவது நடையைச் சாத்துகிறவர் மட்டுமல்ல, லீவு கொடுக்காதவரும்தான் என்பதை அந்த மனிதர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஆனால் காலில் விழுந்த வேதியரும் நந்தனும் மறுநாள் வயலில் எப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள்? அது தெரியாது. நந்தன் தீயில் இறங்கி ஜோதியில் கலந்துவிட்டார், கதை தப்பித்துக்கொண்டது. எங்கள் குருசாமி சனிக்கிழமை மதியமே வேலைக்கு வந்துவிட்டார்.

பகுத்தறிவு பேசுகிற நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, “நாற்பத்தொரு நாள் வேஷம், வேறென்ன? உயர்சாதிக்காரனின் ஏமாற்று” என்றான். எனக்குக் கோபம் வந்தது. 1950-ல் கோயில் எரிந்த பிறகு இன்றைக்கு அங்கே இருக்கிற பஞ்சலோக விக்கிரகத்தைக் கொடுத்தவரே திராவிட இயக்கத்துக்கு முன்னோடியான நீதிக்கட்சியின் தலைவர் பி.டி.ராஜன் என்று எடுத்துவிட்டேன். அவன் ஒரு நிமிடம் வாயடைத்துப் போனான். நல்ல வாதம் இல்லைதான், ஆனாலும் சுகமாக இருந்தது. இரண்டாவது சண்டை எங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம். “ஐயப்பன்கிட்ட எல்லாரும் சமம்” என்று அவர் பெருமையாக ஆரம்பித்தார். மூன்றரை நாள் கணக்கைச் சொல்லி, சமம் என்றால் நோட்டில் காட்டுங்கள் என்று கத்திவிட்டேன். அவர் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, ராத்திரி பாத்திரம் கழுவும்போது சொன்னாள். “குருசாமிக்காவது போன நாளுக்குத்தான் கூலி போச்சு. எனக்கு?” அந்த நாற்பத்தொரு நாளும் நாலு மணிக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, எனக்குத் தனிச் சமையல் செய்தது அவள். மாதத்தில் மூன்று நாள் நான் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டேன், அவள் தன் வீட்டிலேயே தீண்டத்தகாதவள் மாதிரி இருந்தாள். பத்து வயதுக்கு மேல், ஐம்பது வயதுக்குள் இருக்கிற பெண் மலையேறக் கூடாது என்பது வழக்கம். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அது செல்லாது என்றது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மலைக்குப் போகும் ஆசை பெரிதாக இல்லை. “எல்லாரையும் சாமின்னு கூப்பிட்டீங்களே, என்னை ஒரு நாள் கூப்பிட்டீங்களா?” என்றாள். மாளிகைப்புறம் என்று கூப்பிட்டேனே என்றேன். பெண் பக்தர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஐயப்பனைக் கட்டிக்கொள்ளக் காத்திருப்பதாகச் சொல்லப்படும் மாளிகைப்புறத்தம்மனின் பேர் அது. “அது அந்தம்மா காத்துக்கிட்டிருக்கிற கதை” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

போட்டாச்சா, எடுத்தாச்சா

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவருக்குக் குருசாமியைக் கூப்பிடத் தெரியாமல் போய்விட்டது. சாமி என்றும் வாய் வரவில்லை, பழையபடி பேர் சொல்லி வா போ என்றும் வரவில்லை. தமிழில் இதற்கு ஒரு சந்து இருக்கிறது, அவர் அதற்குள் நுழைந்துகொண்டார். “ஸ்க்ராப் எடை போட்டாச்சா?” “டீ வந்தாச்சா?” “அந்த மூட்டையை எடுத்தாச்சுன்னா லாரிக்கு ஏத்திரலாம்.” போட்டாயா என்றும் இல்லை, போட்டீங்களா என்றும் இல்லை. எதிரில் நிற்பவர் பெரியவரா சின்னவரா என்று முடிவு செய்யாமலே ஒரு நாள் முழுக்க இப்படி வேலை வாங்கலாம். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு காலையில் பதினான்கு ‘ஆச்சா’.

இந்தத் தடுமாற்றத்தைத்தான் நான் நம்புகிறேன். மலையில் பார்த்ததை விட இதை. மலையில் எல்லோரும் சாமி, அங்கே அது சுலபம். வாழ்நாள் முழுக்க யோசிக்காமல் வந்த ஒரு ‘வா போ’, கீழே இறங்கிய பிறகு தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது என்றால், அந்த நாற்பத்தொரு நாள் வேஷமாக இருந்திருக்க முடியாது. வேஷம் கலைந்தால் பழைய முகம் உடனே வந்துவிடும், இவருக்கு வரவில்லை. குருசாமியிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “அவரு பாவம், தவிக்கறாரு. நான் வேணா போயி, பழையபடியே கூப்புடுங்கன்னு சொல்லட்டுங்களா?” கிண்டலா, இரக்கமா தெரியவில்லை. சொல்லவும் இல்லை, தவிக்கட்டும் என்று விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

தை முடிவதற்குள் வா போ திரும்பிவிட்டது. சாவி கொடுக்கப் போனால் அவர் மறுபடியும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே வராதே என்று சொன்னவர் யாருமில்லை, வா என்று சொன்னவரும் இல்லை. ‘டா’ மட்டும் திரும்பி வரவில்லை, நான் அங்கே இருந்தவரை என் காதில் விழவில்லை. அந்தக் காந்தமும் அங்கேயேதான் இருந்தது. செருப்பு போட்டுக்கொண்ட பிறகும் மூன்று வேளை தள்ளினார்கள். அடுத்த கார்த்திகைக்கு குருசாமி வெறுங்காலோடு அந்தத் தரையில் நடந்தபோது நான் கீழே குனிந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கூலி நோட்டில் அந்த வருடமும் மூன்றரைதான். அதையும் நான்தான் எழுதினேன்.

போன ஆடியில் ஒரு விசேஷத்துக்கு அழைக்க அவருக்குப் போன் செய்தேன். வேலையை விட்டுவிட்டார், கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனால் மலைக்கு ஆட்களை அனுப்புவது மட்டும் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மணி அடித்துக்கொண்டிருந்தபோது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். பேரைச் சொல்ல முடியாது. அண்ணா என்பதா, ஐயா என்பதா? அவர் எடுத்து ஹலோ என்றதும் வாயில் வந்தது சாமிதான். என் கழுத்தில் மாலை இல்லை. அவர் கழுத்திலும் இருந்திருக்காது. அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை, பின்னால் யாரோ குழந்தை அழுதது மட்டும் கேட்டது.

“சொல்லுங்க சாமி” என்றார்.